எங்கட ஆள்

சாம்பல்தீவுக் கரையில் ஹஸனின் வலை எரிந்த அன்றே, எரித்தவன் யார் என்று குணேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய தங்கை மகன் மதுசன்தான். மண்ணெண்ணெய் மணக்கும் கையோடு குசினிக்குள் வந்து நின்று, தானே சொல்லி அழுதான். மீன் விலையில் தொடங்கிய வாய்த்தர்க்கத்தில் ஹஸன் அவனுடைய செத்த தகப்பனை இழுத்துப் பேசிவிட்டாராம். அதற்கு வலையை எரிப்பதா என்று இரண்டு அறை விட்டுவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

குணேஸ்வரி நல்லிணக்கக் குழுவில் இருப்பவள். அந்தக் குழுவை ஒரு வெளிநாட்டு நிறுவனம் தொடங்கியது. பயிற்சி, பதாகை, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் என்று கொஞ்சக் காலம் தடபுடல் பண்ணியது. பிறகு பதாகையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு வழக்கம். தமிழ்ப் பக்கத்துக்குக் குணேஸ்வரி, முஸ்லிம் பக்கத்துக்குப் பட்டினத்து மீன் வியாபாரி நௌபர். எங்கேயாவது கல்லெறி, கைகலப்பு என்றால், செய்தவனின் பெயரை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். கதை ஊரெல்லாம் பரவுமுன் இருவருமாக இரண்டு வீட்டாரையும் இருத்திப் பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பெயர் அந்த இருவரையும் அந்த இரண்டு வீட்டையும் தாண்டக்கூடாது. மேடைகளில் பேசுகிற சமாதானம் எப்படியோ, இந்தக் கரையில் சமாதானம் என்றால் இவ்வளவுதான்.

சொந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. ஆனாலும் நௌபருக்குச் சொன்னாள். நௌபர் ஹஸனின் வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு மதுசன் போய் மன்னிப்புக் கேட்பது, புது வலை வரும்வரை ஹஸனின் தோணியிலேயே நின்று உழைப்பது என்று முடிவானது. ஹஸனும் முணுமுணுத்தபடி தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை பொலிஸ் ஜீப் வந்து மதுசனை அள்ளிக்கொண்டு போனது. பின்னேரத்துக்குள் அவனை விளக்கமறியல் சிறையில் அடைத்துவிட்டார்கள். தங்கை முற்றத்தில் விழுந்து புரண்டு, "நீதானே அவங்களோட ஓயாமல் கதைக்கிறனி" என்று குணேஸ்வரியைத் திட்டித் தீர்த்தாள்.

யார் காட்டிக்கொடுத்தது என்று குணேஸ்வரி யோசிக்கவே இல்லை. பொலிசுக்குப் போகிறவரென்றால் ஹஸன் சமாதானத்துக்குத் தலையாட்டியிருக்க மாட்டார்; அவரை விட்டால் பெயர் தெரிந்த வெளி ஆள் ஒருவர்தானே. உடனே நௌபருக்குப் போன் எடுத்தாள்.

"உங்களைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி நினைச்சன். நம்பவைச்சுக் கழுத்தறுத்துப்போட்டீங்கள். கடைசியில உங்கட ஆக்களின்ர புத்தியைத்தானே காட்டினீங்கள்."

இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படியொரு வார்த்தை இருவரின் வாயிலும் வந்ததில்லை. "நான் ஒத்தருக்கும் பேர் செல்லல்ல அக்கா" என்று மட்டும் நௌபர் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள்.

உண்மையில் அவள் இன்னொருவருக்கும் சொல்லியிருந்தாள். குழுவின் தலைவர் கனகரத்தினம், கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், பக்கத்து ஒழுங்கைக்காரர். கோயிலுக்குப் போகிற வழியில் அவரைக் கண்டதும் மனப்பாரம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆனால் அதை வெளியே சொன்ன கணக்கிலேயே அவள் சேர்க்கவில்லை. அவர் எங்கட ஆள். எங்கட ஆளுக்குச் சொன்னது வெளியே சொன்னதாகுமா?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சந்தியில் கனகரத்தினத்தின் தேர்தல் கூட்டம். பிரதேச சபைக்குக் கேட்கிறார். வட்டாரத்தில் முஸ்லிம் வாக்குகள் இல்லாமல் வெல்ல முடியாது. குணேஸ்வரியை மாதர் சங்கத்துக்காரி என்று முன்கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

"வலையை எரிச்சவன் எங்கட பொடியன்தான்" என்று கனகரத்தினம் ஒலிவாங்கியில் முழங்கினார். "எங்கட பொடியன் எண்டு நான் மறைக்கேல்லை. நான்தான் பொலிசுக்குச் சொன்னனான். சட்டத்துக்கு முன்னால தமிழன், முஸ்லிம் எண்டு இல்லை. இதுதான் ஜனநாயகம்."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஹஸன் தட்டவில்லை, எழுந்து போய்விட்டார். குணேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எடுத்து இந்த மனிதர் வாக்குச் சேர்த்துவிட்டாரே என்ற ஆத்திரம். அதைவிட, நௌபரிடம் தான் பேசிய பேச்சை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டம் முடிந்து கேட்டபோது கனகரத்தினம் கொஞ்சமும் கூசவில்லை. தேர்தல் முடியட்டும், லோயர் பிடித்துப் பொடியனை வெளியே எடுக்கலாம் என்று தோளில் சால்வையைச் சரிசெய்தார். அவள் காறித் துப்பாத குறையாக வெளியேறினாள்.

ஒழுங்கை முகப்பில் மதுசனின் கூட்டாளிகள் மோட்டார் சைக்கிள்களோடு கூடி நின்றார்கள். இவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில்லை. பொலிசுக்குப் போனது ஹஸன்தான் என்று இன்னமும் நம்பினார்கள். தோணியை உடைக்கிற கதை அவள் காதில் விழுந்தது. அவள் கிட்டப் போய், பொலிசுக்குச் சொன்னது தான்தான் என்று கனகரத்தினமே இப்போது மேடையில் சொன்னார் என்று மன்றாடினாள். ஒருவன் சிரித்தான். "அவர் எங்கட ஆள், பெரியம்மா. வோட்டுக்காகச் சும்மா சொல்லுறார்."

அவள் ஒதுங்கி நின்று நௌபருக்குப் போன் எடுத்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள், அழுதும் விட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஹஸனின் தோணிக்கு ஆபத்து, முன்னுக்கு நிற்கிற இரண்டு பொடியன்களின் பெயரைச் சொல்கிறேன், வீட்டாரோடு உடனே பேசுவோம் என்று தொடங்கினாள்.

"வேணாம் அக்கா" என்றார் நௌபர். குரலில் கோபம் இல்லை. "எனக்கிட்ட இனிப் பேர் செல்லாதீங்க. நாளைக்கு அது வெளிய வந்தா நான்தான் சென்னன் எண்டு நினைப்பீங்க."

"அப்ப தோணி?"

"அதப் பாத்துக்க எங்கட ஆக்கள அனுப்புறன்."

அவள் வாயைத் திறக்குமுன் போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி எடுத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கரைப்பக்கம் திரும்பின. குணேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.