மேட்டு வீட்டில் கொடுத்த கவர்

மஹதி எழுதிய அறிக்கை மூன்றே பக்கம். அதனால் மட்டும்தான் ஜோதிலட்சுமிக்கு ஆயுள் தண்டனை விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பில் இரண்டு இடத்தில் நீதிபதி அதை எடுத்துச் சொல்லியிருந்தார்.

அடையாற்றங்கரையில் குடிசை தீப்பிடித்து ஜோதியின் கணவன் செத்துப்போனான். அடுப்பு வெடித்தது என்றாள் ஜோதி. கொளுத்திவிட்டாள் என்றது போலீஸ். குற்றவாளிகளின் மனத்தை ஆராய்வது மஹதியின் தொழில். அவளிடம் கருத்துக் கேட்டார்கள். தீப்பிடிப்பதற்கு முதல் நாள், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் டிசி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, மேட்டுத் தெரு ஹாஜிரா பீயிடம் கொடுத்து வைத்திருக்கிறாள் ஜோதி. போதாதா? 'முன்கூட்டியே திட்டமிட்ட மனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் மஹதி. மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக ஒரே வீடு, பத்திரமெல்லாம் பீரோவில். அவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

தீர்ப்பு வந்த பிறகு ஓர் ஐப்பசி மாதம். வீட்டு வேலைக்கு வரும் தேவானை ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

"அக்கா, இத்த உங்க மாடில வெச்சிருங்க."

"என்னது?"

"கார்டுங்க, சர்டிபிகேட்டுங்க. மானம் கருத்துக்கினு வருதுல்ல? ஆத்துல தண்ணி எப்ப ஏறும்னு யாருக்குத் தெரியும்? எங்காண்ட எல்லாருமே மேட்டு வூட்ல குடுத்துருவோம்."

கவரை வாங்கிக்கொண்ட மஹதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோதியின் குடிசை எரிந்ததும் ஐப்பசியில்தான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இந்த மகராசி ஒரு குடும்பத்தையே கெடுத்திருந்தாள்.

தப்பாக எழுதிவிட்டேன் என்று ஜோதியின் வக்கீலிடம் எழுதிக் கொடுத்தாள். அப்பீல் விசாரணைக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார் அவர். அதைச் சொல்லத்தான் சிறைக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஜோதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு மணி நேரம் பேசினீங்கம்மா. சின்ன வயசுல அப்பா அடிச்சாரா, கனவுல இன்னா வருதுன்னெல்லாம் கேட்டீங்க. கவரு குடுத்த அன்னிக்கு மழை வந்துச்சான்னு கேக்கலியே."

ஜோதி கம்பிவலையை ஒட்டி வந்தாள்.

"அந்தக் கவரு இப்ப கோர்ட்டுல கீதாம், சாட்சியா," என்றாள் ஜோதி. "டிசி இல்லாம பெரியவள ஸ்கூல்ல சேக்க மாட்டேன்றாங்களாம். அத்த மட்டும் வாங்கிக் குடுங்கம்மா."