பென்சிலில் எழுதிய பெயர்

சித்தப்பா வரைந்த வம்சாவளிப் படத்தில் எல்லாரும் மையில் இருந்தார்கள். அப்பா மட்டும் பென்சிலில் இருந்தார். மகளான மருந்துக்கடைக்காரிக்குச் சந்தேகம் வர அது போதும். தேதி பார்க்காமல் ஒரு மாத்திரைப் பட்டையைக்கூடக் கையால் தொடாதவள் அவள். பென்சில் என்றால் ரப்பரும் பக்கத்தில் இருக்கும். அடுத்த மாதம் படம் அச்சாகி உறவுக்காரர் வீடெல்லாம் போகப்போகிறது. கேட்டதற்கு, "இன்னும் முடியலம்மா" என்று சித்தப்பா பேச்சை மாற்றினார். அப்பா போய் வருஷம் திரும்பவில்லை; அதற்குள் அண்ணனைக் கழற்றிவிடப் பார்க்கிறாரா?

கடையைப் பூட்டிவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் சித்தப்பாவின் கையெழுத்து ஐந்து இடத்தில் இருந்தது. அவர் பார்த்த பதிவேடுகளையே தனக்கும் எடுத்துத் தரச் சொன்னாள்.

காப்பகக்காரர் தும்மலுக்கு நடுவே பேசுகிறவர். "எல்லாரும் ராஜா பரம்பரைன்னு தேடி வருவாங்க. ஆடு மேய்ச்சவர் கிடைச்சதும் நகல்கூட வேண்டாம்னு போயிடுவாங்க" என்றார்.

பிறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஒழுங்காக இருந்தது. இறப்புப் பதிவேட்டில் ஒரு காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது, சித்தப்பா வைத்ததாம். பிரித்தாள். அதே பெயர், அதே தகப்பன். வயது இரண்டு. காய்ச்சல்.

அப்படியானால் எழுபது வயதுவரை அவளோடு வாயாடிய மனிதர் யார்? சித்தப்பா ஏன் ரப்பரோடு காத்திருக்கிறார் என்று இப்போது புரிந்ததாக நினைத்தாள்.

அடுத்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கைக் கேட்டாள். இறப்புப் பதிவில் இருந்த தெருவின் தாள்கட்டுக்குள் அந்தக் குடும்பமே இல்லை, சித்தப்பா அதைத் தாள்தாளாகப் புரட்டிவிட்டார் என்றார் காப்பகக்காரர். ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீடுதான் தன் முதல் ஞாபகம் என்று அப்பா சொல்வது அவளுக்கு நினைவு வந்தது. தண்டவாளத்தை ஒட்டிய தெருவைக் கேட்டாள். திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அவர் அதை எடுத்துவர எழுந்து போனார்.

அந்தத் தெருவின் கட்டுக்குள் தாத்தா இருந்தார். அப்பாவின் பெயருக்கு எதிரே, உறவு என்ற இடத்தில் 'எடுத்து வளர்க்கும் பிள்ளை' என்பது அடிக்கப்பட்டு, மேலே 'மகன்' என்றிருந்தது. வயது மூன்று.

"திருத்தினா குடும்பத் தலைவர் அதுக்குப் பக்கத்துல கையெழுத்து போடணும். ஒண்ணு போதும்" என்றார் காப்பகக்காரர். "உங்க தாத்தா ரெண்டு போட்டிருக்கார்."

நகலைச் சித்தப்பாவின் மேஜையில் வைத்தபோதும் அவள் கோபம் ஆறவில்லை. "அழிக்கத்தானே பென்சில்ல எழுதினீங்க?"

அவர் அந்த இரண்டு கையெழுத்துகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு கட்டத்தை ரெண்டாக்கணும்மா. காய்ச்சல்ல போன அண்ணனுக்கு ஒண்ணு, என்னைத் தோள்ல தூக்கின அண்ணனுக்கு ஒண்ணு. வெறும் இறப்புத் தாளை உன் கையில கொடுக்க மனசு வரல. இதைத்தான் தேடிட்டிருந்தேன்."

அவள் முகம் தாழ்ந்தது. பெற்ற பிள்ளையின் பெயரையே யாரோ பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த அந்த வீட்டைக் கடவுள் தன் கணக்கில் எப்படி எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்தப்பா மைப்பேனாவால் ஒரே பெயரை இரண்டு கட்டங்களில் எழுதினார். இரண்டாவதில் பேனா நின்றது. "இந்த அண்ணன் பிறந்த தேதி தெரியலையே."

"அதை விட்டுடுங்க, சித்தப்பா" என்றாள் மருந்துக்கடைக்காரி.