உதிர்கிற பழங்கள்

முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் பஸ் டிரைவர் பின்பக்கத் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சொடக்குத் தக்காளிச் செடிகள் தரையோடு படர்ந்து கிடந்தன. அடியில் பழைய போர்வை ஒன்றை விரித்து வைத்திருந்தார். காகிதம் போன்ற கூட்டுக்குள் பழுத்து, தானாகக் கீழே விழுந்தால்தான் அது பழம். பச்சையாகப் பறித்துத் தின்றால் வயிற்றைப் புரட்டும். தெரிந்தும் இலை இலையாகத் தூக்கிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொறுக்குவார், எழுவார், வாசல்வரை போவார், போன வேகத்திலேயே திரும்பி வருவார்.

சந்தைத் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் வழுக்கி அவருடைய பஸ்ஸின் முன் சக்கரத்தருகே வந்து விழுந்ததிலிருந்து இப்படித்தான். ஓட்டி வந்த பெண்ணுக்குக் கால் முறிந்தது. நல்லவேளையாக உயிர் தப்பியது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் விதை போட்டார். அது முளைத்து, காய்த்து, இப்போது கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி ஜாம் கிண்டினாள், அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கொத்துமல்லிக் கட்டுகூட வாங்கி வராத மனுஷன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

மதியம் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவள் தோட்டத்துக்கு வந்தாள். கண்டக்டர் போன் செய்திருந்தார்.

"உங்க மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்களாமே. திங்கக்கிழமை வரச் சொல்லியாச்சாம். ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் நிமிரவில்லை. "இப்பதான் மொத்தமா கொட்ட ஆரம்பிச்சிருக்கு. ஒருநாள் விட்டா எறும்பு மொய்ச்சிடும். நான் போயிட்டா யாரு பொறுக்குறது?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் அவர் கை ஒரே பழத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பதைப் பார்த்ததும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் கூடு உரித்தார்கள். பிறகு அவராகவே பேசினார்.

"எதிர்வீட்டுத் தம்பி நேத்து காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லி சாவி குடுத்தான். ஏறி உக்காந்தேன். ஸ்டார்ட் பண்ண முடியல. காலு ரெண்டும் யாருதோ மாதிரி இருந்துச்சு."

அவள் உரித்த பழம் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"திங்கக்கிழமை நானும் வரேன். உங்க பின்னாடி சீட்ல உக்காந்துக்கறேன். ஒரு டிரிப்பு. முடியலன்னா இறங்கி, முடியலன்னு நாமளே சொல்லிடலாம்."

"டிக்கெட் எடுக்கணும்," என்றார்.

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெருமுனையில் ஒரு பஸ் வேகம் குறைத்து, இரண்டாவது கியரில் முனகியபடி திரும்பியது. கையிலிருந்த பழத்தை வாயில் போடாமல், அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.