சாப்பாட்டு மேசை என்கிற லாரி

1

இந்தக் கதை ஒரு தப்பான சிரிப்பில் தொடங்கியது. என் ஸ்கூட்டர் லைசென்சைப் புதுப்பிக்கப் போன இடத்தில், போட்டோ எடுக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மைதானம். அங்கே ஓர் ஆள் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து அதனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். டயரைக் காட்டி ஏதோ சொன்னார். குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்த்து ஏதோ சொன்னார். லாரியோடு பழைய பகை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பினார். "பரீட்சைங்க. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கணும். பாத்ததை வாய்விட்டுச் சொல்லணும். சொல்லலைன்னா மார்க் கிடையாது."

சிரிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி: வாயே திறக்காத ஒருவன் இந்தப் பரீட்சைக்குப் போனால் என்ன ஆவான்?

(எச்சரிக்கை: லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது பின்னால் வந்து ஹாரன் அடித்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்பதுதான்.)

2

முதல் தொடக்கம்: "விடியலின் மெல்லிய பனியில், ஓர் இரும்பு மிருகமாய் உறங்கிக்கொண்டிருந்தது அந்த லா—"

வேண்டாம். தூங்குகிறதை எழுப்புவானேன்.

இரண்டாவது: "அவனுக்குச் சொற்கள் அந்நியம், மௌனமே அவனது தாய்—"

இவ்வளவு சத்தமான மௌனத்தை நான் எங்கும் கேட்டதில்லை. இதுவும் போகட்டும்.

மூன்றாவது: கிடங்கில் அவனுக்கு வைத்த பெயர் தூண்.

சரி, இது நிற்கிறது. மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. அங்கே லாரி ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகப்போகிறார். முதலாளி தூணைக் கூப்பிட்டு, "ஹெவி லைசென்ஸ் வாங்கிட்டு வா, வண்டி உனக்கு" என்றார். தூண் தலையாட்டினான். எழுத்துத் தேர்வில் தேறினான். ஓட்டிக் காட்டச் சொன்னபோது ரிவர்சில்கூடக் கோடு தாண்டவில்லை. சுற்றிப் பார்க்கும் தேர்வில்தான் கவிழ்ந்தான். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்தான், ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டான், திருப்தியாகத் தலையாட்டினான், அடுத்ததற்குப் போனான்.

"என்னங்க, எதையுமே பாக்கலையே?" என்றார் தேர்வாளர்.

"பாத்தேன் சார்."

"நீங்க பாத்தது எனக்கு எப்படித் தெரியும்?"

மறுமுறை "முன் லைட்டு" என்பதுவரை குரல் வந்தது. அப்புறம் வரவில்லை. இன்னொரு தடவைதான் பொறுப்பேன், அப்புறம் வேற ஆள் பாத்துக்குவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

3

வீட்டில் சாப்பாட்டு மேசை லாரியானது. நான்கு கால்களும் டயர்கள், தண்ணீர்க் குடுவை என்ஜின். கையில் கரண்டியோடு தேர்வாளர் அவன் மனைவி. துணிக்கடையில் உடைகளை அளவுக்குத் திருத்தித் தைக்கிறவள். தூண் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள்.

"ஆரம்பிங்க."

தூண் மேசைக்காலைப் பார்த்தான். குனிந்து தட்டினான். தலையாட்டினான்.

"ஃபெயில்."

"இன்னும் முடிக்கல."

"நீங்க ஆரம்பிக்கவே இல்ல. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க வந்தப்பவும் இதே கதைதான். உங்க அண்ணன்தான் கேட்டாரு. யாரைக் கட்டிக்கப் போறேன்னு எனக்கு ஒரு வாரம் குழப்பம்."

அவன் சிரித்தான். சிரிப்புக்கு மார்க் இல்லை என்று கரண்டி சொன்னது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. டயர், வெட்டு இல்ல, வீக்கம் இல்ல. போல்ட்டு, எல்லாம் இருக்கு, துரு இல்ல. அவள் விடவில்லை. "குறை இருந்தா குறைன்னு சொன்னா மட்டும் பத்தாது. அதுக்கு என்ன பண்ணுவீங்கன்னும் சொல்லணும்."

"இதோட வண்டியை எடுக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க."

ஒரு நாள் அவள் அறைக்குள் கட்டிய கொடியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, "எனக்கு இந்த லாரி அலுத்துப்போச்சு. இந்த ரூமைச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

"ஜன்னல். கீல் தளர்ந்திருக்கு. அடுப்பு. இடது பக்கம் மஞ்சளா எரியுது. கொடி. நடுவுல தொங்குது. உன் வலது தோள்." கண் போன போக்கில் வாயும் போய்க்கொண்டிருந்தது. "மேல தூக்க மாட்டேங்குற. துணியை எட்டிப் போடாம வீசிப் போடுற."

அவள் கையில் இருந்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

4

இந்த இடத்தில் நான் எழுதியது: "அவள் கண்கள் கலங்கின. இத்தனை காலமும் தன்னைப் பார்த்துக்கொண்டேயிருந்த அந்த இரு கண்—"

எழுதும்போதே அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடித்துவிட்டேன். நடந்தது இது:

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

மழை நின்றே வெகுநாள் ஆகியிருந்தது.

"நீங்க பாக்கலைன்னு நினைச்சேன். பாக்காத மனுஷனைச் சொல்லி என்ன பிரயோஜனம்னு விட்டுட்டேன். பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

தூணிடம் பதில் இருந்தது. சொன்னால் வலி பெரிதாகிவிடுமோ என்று பயந்தான். அவள் எட்டிக் கஷ்டப்படக் கூடாதென்று மேல் அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். நானே அவள் காதில் போட்டுவிடலாம். எழுத்தாளனுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் பரீட்சையில் பக்கத்து ஆள் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அவன் வாய் திறக்கவில்லை. அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள். "இனிமே நீங்களே சொல்லி நீங்களே மார்க் போட்டுக்கோங்க."

லாரி மறுபடியும் சாப்பாட்டு மேசையானது. அதில் இரண்டு பேர் பேசாமல் சாப்பிட்டார்கள். ஒருவருக்குப் பழக்கம், ஒருவருக்குக் கோபம்.

5

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. தேறுகிறான். கிடங்கே கை தட்டுகிறது. (கிடங்கில் அந்த நேரத்தில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.)

ஆ. தோற்கிறான். வழியெல்லாம் நடந்தே வருகிறான். வாழ்க்கையே ஒரு பரீ— (நிறுத்து.)

இ. நான் எழுதாதது. பரீட்சை நாள் காலை, ஷூ மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"வலது தோள்," என்றான். "பாத்தேன். சரியா இல்ல." மூட்டை இறக்கியவன்போல மூச்சு வாங்கினான். "இதோட வண்டியை எடுக்க மாட்டேன்."

"என்ன உளர்றீங்க?"

"டாக்டர்கிட்ட போலாம். இப்ப."

"பரீட்சை?"

கையை விரித்தான்.

"வாயால சொல்லுங்க."

"போனா போகட்டும்."

(இதை நான் சொல்லவைக்கவில்லை. ஒரு வேலையை இப்படித் தூக்கிப் போடுகிற தைரியம் எனக்குக் கிடையாது.)

அவள் அலமாரியைப் பார்த்தாள். "டப்பாவெல்லாம் கீழ எறக்கினது நீங்களா?"

"ம்."

"நானே எறக்கி வெச்சுட்டு மறந்துபோறேன்னு நினைச்சேன். தோளோட சேர்ந்து மூளையும் போகுதுன்னு யார்கிட்டயும் சொல்லாம பயந்துட்டிருந்தேன்."

அவன் தலை குனிந்தது. "சொல்லியிருக்கணும்."

"இருக்கணும்." செருப்பைத் தேடினாள். "டாக்டர் சாயங்காலமும் இருப்பாரு. இப்ப மைதானத்துக்குப் போறோம், நானும் வர்றேன். அங்க நீங்க வாயத் தொறந்தாத்தான் நான் டாக்டர்கிட்ட கையைத் தூக்கிக் காட்டுவேன். ஊமையா நின்னீங்க, இது இப்படியே கெடக்கும்."

6

மைதானத்தில் லாரி நிற்கிறது. கம்பிவேலிக்கு வெளியே அவள், பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு. அதோ அந்த ஜன்னலுக்குப் பின்னால், வரிசையில் ஒருத்தன் சிரிக்கத் தயாராக நிற்கிறான், அவனைக் கண்டுகொள்ளாதீர்கள்.

"மறுபடியும் நீங்களா," என்கிறார் தேர்வாளர். "இன்னைக்காவது பேசுவீங்களா?"

ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. இந்தக் கதை முழுக்க அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இப்படி ஒருத்தன் ஓயாமல் பேசினால் யார்தான் வாய் திறப்பார்கள்? ஆகவே தேர்வாளரின் அட்டையையும் பேனாவையும் வாங்கி உங்கள் கையில் தருகிறேன். இரக்கப்பட்டுப் போட வேண்டாம். அவன் சொன்னது உங்கள் காதில் விழுந்தால் மட்டும் மார்க் போடுங்கள். ஒரு வேலையும் ஒரு தோளும் அதில் இருக்கின்றன.

தூண் வேலிப்பக்கம் ஒருமுறை பார்க்கிறான். லாரியின் முன்னால் போய் நிற்கிறான். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

"முன்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன் சார். இடது டயர். பாத்தேன்."