ராஜமாதாவின் வயது இருபத்து மூன்று

ராஜமாதா வேஷத்துக்கு லூமி என்று பியோன் சொன்னபோது, அவன் வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை. கியோங்ரேதான் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

லூமி ஒரு பாட்டுக் குழுவில் ஆடுகிறவள். வயது இருபத்து மூன்று. ராஜாவாக நடிக்கப்போகிற நாயகனுக்கு முப்பத்து நான்கு. அவனுக்கு இவள் அம்மா! பியோன் அந்த நாயகனின் மேலாளர். நாயகன் வேண்டுமென்றால் அதே நிறுவனத்துப் பெண் ஒருத்தியையும் கூடவே சுமக்க வேண்டும். சோப்பு வாங்கினால் சீப்பு இலவசம் என்று கடையில் தலையில் கட்டுவார்களே, சியோலில் நடிகர் தேர்வும் அதே லட்சணம்தான். கியோங்ரே இருபது வருடமாகத் தொடர்களுக்கு நடிகர்களைத் தேர்வு செய்துகொடுக்கிறவள். எத்தனையோ சீப்புகளைப் பார்த்தவள். ஆனால் பிள்ளையைவிடப் பதினொரு வயது இளைய அம்மாவை இப்போதுதான் பார்க்கிறாள்.

"காலப்பயணக் கதைதானே மேடம். எதுவும் நடக்கலாம்" என்றான் பியோன்.

இயக்குநர் கூ அதற்கும் தலையாட்டினார். கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி குளிர்பானப் பெட்டிக்குள் தவறி விழுந்து, ஐந்நூறு வருடம் பின்னால் போய், ராஜாவைக் காதலிக்கிற தொலைக்காட்சித் தொடர் அது. அதில் ராஜமாதா ஏதோ மூலிகையைக் குடித்து இளமை மாறாமல் இருக்கிறாள் என்று மறுநாளே ஒரு காட்சி சேர்த்துவிட்டார்கள். த்தூ, என்ன பிழைப்பு இது!

விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த வேஷத்தைக் கியோங்ரே ஏற்கனவே யோங்சிலுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

யோங்சிலுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடமாக அரண்மனைத் தொடர்களில் பணிப்பெண்கள் வரிசையில் தலைகுனிந்து நின்றவள். தலை நிமிர்ந்து நின்றதாக ஒரு காட்சி கிடையாது. பெயர் உள்ள வேஷம் இதுதான் முதல் தடவை. கூட்டு, ஊறுகாய் விற்கும் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டாள். ராணிகளின் பொய்க்கொண்டை கழுத்தை ஒடிக்கும் கனம் என்பதால், இரண்டு மாதமாக வீட்டுக்குள் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். இதையெல்லாம் கியோங்ரேயிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லக் கியோங்ரேக்கு வாய் வரவில்லை. கைப்பேசியில் எழுதி அனுப்பினாள். 'இந்தத் தடவை அமையவில்லை. மன்னித்துக்கொள்.' செய்தியின் ஓரத்தில் இருந்த '1' சிறிது நேரத்தில் மறைந்தது. படித்துவிட்டாள் என்று அர்த்தம். பதில் வரவில்லை. இந்த ஊரில் அந்த '1' மறைந்துவிட்டால் விஷயம் முடிந்தது, அதற்குமேல் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கியோங்ரேயும் அப்படித்தான் அப்பாடா என்று இருந்துவிட்டாள்.

பிறகுதான் வினை வந்தது. செவ்வாய்க்கிழமை எல்லா நடிகர்களும் ஒன்றாக உட்கார்ந்து வசனம் படிக்கும் நாள். லூமிக்கு அன்று ஒசாகாவில் ஆட்டம். அவளுக்குப் பதிலாகப் படிக்க ஆள் வேண்டும், அந்த வசனம் மனப்பாடமாகத் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்றார் கூ. அப்படிப்பட்ட ஆள் ஒருத்திதான் என்பது கூவுக்கும் தெரியும், கியோங்ரேக்கும் தெரியும். அடுத்த தொடருக்கு யார் நடிகர்களைத் தேர்வு செய்வது என்பது கூவின் கையில் இருந்தது. 'செவ்வாய் இரண்டு மணிக்கு வாசிப்புக்கு வா' என்று கியோங்ரே இரண்டாவது செய்தி அனுப்பினாள்.

'நன்றி அக்கா! நன்றி! சாகும்வரை மறக்க மாட்டேன்' என்று உடனே பதில் வந்தது.

வேஷம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள், பாவம்? இல்லையம்மா, இரவல் குரலாகத்தான் உன்னைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் வரமாட்டாள். கியோங்ரே எழுதவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை யோங்சில் தலையை எண்ணெய் வைத்து வழித்து வாரிக்கொண்டு வந்தாள். அவள் வருவதற்குள் லூமியின் பெயர் அட்டையைக் கியோங்ரே மேசைமேல் கவிழ்த்து, அதன்மேல் வசனப் புத்தகத்தை வைத்திருந்தாள். யோங்சில் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். கியோங்ரேக்கு மட்டும் இரண்டு முறை குனிந்தாள்.

பன்னிரண்டாம் காட்சி வந்தது. அந்தக் கடைப்பெண்ணோடு அவள் காலத்துக்கே போகிறேன் என்று ராஜா தாயிடம் சொல்லும் இடம். அதுவரை கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த நாயகன் தன் வசனத்தை ஒப்பித்தான். யோங்சில் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"போ மகனே. போவதற்கு முன் நீ பிறக்காத ஒரு நாளில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு. அங்கே எனக்கு இழக்க எதுவும் இருக்காது."

குரலை உயர்த்தவே இல்லை அவள். நாயகன் அடுத்த வசனத்தை மறந்துபோய் அவளையே பார்த்தான். கதை எழுதிய அம்மாள் மூக்கைச் சிந்தினாள். இருபது வருடத் தொழிலில் கியோங்ரே செய்த உருப்படியான தேர்வு இது ஒன்றுதான்.

அப்போது பியோன் எழுந்து வந்தான். குரலைப் பதிவு செய்ய மேசைமேல் வைத்திருந்த தன் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். முகத்தைச் சுளித்தான்.

"ஏசி சத்தம் விழுந்திருக்கு. அக்கா, இன்னொரு தடவ படிச்சிடுங்க. எங்க லூமி இதக் கேட்டுக் கேட்டே பழகிக்குவா."

"லூமி யாரு?" என்றாள் யோங்சில்.

பியோன் புத்தகத்தை நகர்த்தி, அட்டையை நிமிர்த்தி வைத்தான். யோங்சில் அதைப் படித்தாள். பிறகு கியோங்ரேயைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் வரச்சொன்னீங்களா அக்கா?"

அறையே கியோங்ரேயைப் பார்த்தது. கூ பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். போதும், இவளை என்னவென்று நினைத்தீர்கள் என்று கியோங்ரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு தடவதானே. படிச்சிடு."

யோங்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே வசனத்தை மூக்கால், கொஞ்சிக் கொஞ்சி, கடைவாசலில் வாங்க வாங்க என்று கூவுகிற பெண்ணின் குரலில் படித்தாள். 'மகனே' என்ற இடத்தில் உதட்டைக்கூடச் சுழித்தாள். கியோங்ரேக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இதுதான் சார் வேணும்! இது எங்க புள்ளைக்கு அப்படியே பொருந்தும்" என்று பியோன் கைதட்டினான். கூவும் ஆமாம், இதில் இளமை இருக்கிறது என்றார். மற்றவர்களும் தட்டினார்கள்.

யோங்சில் எழுந்தாள். கதை எழுதிய அம்மாளுக்குக் குனிந்தாள். கூவுக்கும் நாயகனுக்கும் குனிந்தாள், பியோனுக்குக்கூடக் குனிந்தாள். கியோங்ரேயும் எழுந்து நின்றாள். யோங்சில் அவளைத் தாண்டிப் போய், கதவருகே தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் குனிந்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.