கெங்கம்மா அழாத காட்சி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஐவி. எழுதிக்கொள்ளவா என்றதற்கு, "கெங்கம்மாவைக் கேட்டுட்டு எழுதுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் எழுதிய முதல் வரி: 'அன்று கடல் முழுவதும் கெங்கம்மாவின் கண்களில் ததும்பி—'

அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.

2

ஐவி அடையாற்றுக்காரி. விளம்பரப் படங்களுக்குக் காட்சி வரைந்துகொண்டிருந்தவள், இப்போது ஏஐயிடம் சொல்லிச் சொல்லியே படம் எடுக்கிறாள். கேமராவும் இல்லை, நடிகரும் இல்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கெங்கம்மாவிடம் அனுமதி வாங்கி, அவர் முகத்தைக் கொண்டே, அவர் கணவர் கடலிலிருந்து திரும்பாத நாளை ஆறு நிமிடப் படமாக்கினாள். (கணவரின் பெயரைக் கெங்கம்மா சொல்லவில்லை. நானும் இட்டுக்கட்டப் போவதில்லை.)

3

படத்தை மீன் கடையிலேயே போனில் போட்டுக் காட்டினாள். பக்கத்துக் கடைப் பாஞ்சாலி மூக்கைச் சிந்தினாள். கெங்கம்மா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது? நான் அழுவுறேன்?"

"அந்த நேரத்துல அழுதிருப்பீங்கன்னு..."

"யாரு சொன்னா? போட்டு கரைக்கு வந்திச்சு, அவரு வரலை. நான் வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்தேன். வாங்க வந்தவங்கோ நின்னுக்கினு இருந்தாங்கோ, வெட்டிக் குடுத்தேன். அழுதா, அவரு பூட்டாருன்னு நானே சொன்ன மாரி ஆயிடாது?"

ஐவி படத்தை நிறுத்தினாள். (என் முதல் வரியும் இங்கேதான் செத்தது.)

4

திரைப்பட விழாவுக்கு அனுப்ப மறுநாளே கடைசி. காலையிலிருந்து ஐவி ஏஐக்கு மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். 'அழாத பெண்' என்றால் கண் கலங்கியது. 'உணர்ச்சி காட்டாத பெண்' என்றால் பொம்மை வந்தது. 'மீன் வெட்டும் பெண்' சிரித்துக்கொண்டே வெட்டினாள்.

மதியம் பட்டினப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

"நேத்து சொன்னதை இன்னொரு தபா சொல்றீங்களா?"

"கை வேலையா கீது. வெட்டிக்கினே சொல்றேன்."

அந்தக் குரலையும் கத்திச் சத்தத்தையும் போனில் பதிந்து, அழுத முகம் இருந்த நாற்பது நொடியைக் கறுப்பாக்கி, அங்கே அவற்றை மட்டும் ஒலிக்கவிட்டு அனுப்பிவிட்டாள்.

5

படம் தேர்வானதா? முடிவு இன்னும் வரவில்லை. பரிசு கொடுப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாற்றிய படத்தைக் காட்டியபோது கறுப்புத் திரையைப் பார்த்துப் பாஞ்சாலி, "ஒண்ணுமே தெரியலியேக்கா?" என்றாள்.

"எனக்குத் தெரியுது" என்றார் கெங்கம்மா.

அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று ஐவி சொன்னாள். அதை நான் எழுத மாட்டேன்.