நீராவி தின்ற கம்பி

நீராவி உலை அறையில் அன்று காலை இருந்தவர்கள் நால்வர்: துறைத் தலைவர், தராசுக்காரர், உலையை இயக்கும் கொழுந்தன், சோதனைக்கு வந்த உலோகக் கலவையை உருவாக்கிய அவனுடைய அண்ணி. ஐந்தாவதாக ஓர் ஆள் இல்லை.

ஒரே வீட்டார் இருவர் ஒரே ஆய்வகத்தில் இருந்தால் நாலு பேர் வாய் சும்மா இராது. அதனால் அவள் அங்கே தலை நிமிர்ந்தே நடப்பாள்.

அணு இணைவு உலையின் உட்சுவருக்கு டங்ஸ்டன்தான் ஏற்றது. ஆனால் குளிர்விக்கும் குழாய் வெடித்து நீராவி பட்டால், பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் ஆக்சைடாகிப் புகையாய்ப் பறந்துவிடும். அவள் அதில் குரோமியம் சேர்த்திருந்தாள். அது மேலே மெல்லிய தோலாகப் படிந்து சுவரைக் காக்க வேண்டும். ஆறு வருட உழைப்பு. இன்று தோற்றால் இணைவு உலைச் சுவருக்கான பட்டியலிலிருந்து கலவை நீங்கும்.

ஆயிரம் டிகிரி நீராவியில் பத்து மணி நேரம் தொங்கிய கலவைத் துண்டைக் கொழுந்தன் வெளியே எடுத்தான். கை பட்டுத் தோல் உதிரக்கூடாதென்று, தொங்கவிட்ட கம்பியோடு எடை போடுவது அங்கே வழக்கம்.

"நாப்பது மில்லிகிராம் குறையுதும்மா" என்றார் தராசுக்காரர்.

தலைவர் கலவையை அடித்துவிடப் பேனாவைத் திறந்தார்.

"துண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கே அண்ணி, எடை மட்டும் எங்க ஓடிப்போச்சு?" என்றான் கொழுந்தன்.

அவள் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். துண்டின் விளிம்புகூட மழுங்கவில்லை. கண் மேலே ஏறியது. கம்பி முடிபோல் இளைத்து, மஞ்சள் பொடி பூத்திருந்தது.

அவள் முகம் சிவந்தது. "வேற பொருள் எது பட்டாலும் சோதனை கெட்டுடும்னு சுத்த டங்ஸ்டன் கம்பி போடச் சொன்னது நான்தான் சார். அதையும் நீராவி தின்னும்னு தோணவே இல்ல."

"பொண்ணு பத்திரமா வந்துட்டா, துணைக்கு வந்தவதான் காணாமப் போயிட்டா!" என்று தராசுக்காரர் சிரித்தார்.

கம்பியைக் கழற்றித் துண்டை மட்டும் நிறுத்தார்கள். வெட்டிய அன்று அவள் குறித்து வைத்த எடையைவிட ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருந்தது. குரோமியம் ஆக்சிஜனைப் பிடித்துத் தோலாய்ப் படிந்ததன் அடையாளம் அது.

தலைவர் இளகவில்லை. "பீங்கான் கொக்கியில புதுத் துண்டு மாட்டுங்க. இருபது மணி நேரம். அப்புறம் பாப்போம்."

இருபது மணி நேரமும் தோல் தாங்கியது. கலவை பட்டியலில் நிலைத்தது. அடுத்த சோதனைக்குக் கையகலத் தகடு கேட்டிருக்கிறார்கள்.

கொழுந்தன் செய்த பிழையை அண்ணி தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று சிலர் பேசுகிறார்கள். அது பொய். முதல் சோதனைக்கே அவன் பீங்கான் கொக்கியைத்தான் எடுத்து வைத்திருந்தான். வேண்டாம் என்றவள் அவள்.